வழியில் மோதி வந்த ஒளி

"இந்த மெஷின் பொய் சொல்லுது. இதைத் தூக்கி வெளியே போடணும்" என்றார் ஆதிமூலம்.

மெகருன்னிஷா நிமிர்ந்து பார்த்தார்.

அந்த மருத்துவமனையில், உடம்புக்குள் ஏற்றிய கதிர்மருந்தைப் படம் பிடிக்கும் காமா கேமராவை இயக்குபவர் ஆதிமூலம். வயது ஐம்பத்து நான்கு. மெகருன்னிஷா கதிர்களின் இயற்பியல் படித்தவர். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்; வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். வந்த முதல் வாரமே, எனக்குக் கற்றுக் கொடுங்கள் என்று அவர் முன்னால் போய் நின்றார் ஆதிமூலம்.

இன்று கற்க வரவில்லை. 

பவுனம்மாள் என்று ஒரு சத்துணவுச் சமையல்காரர். ஆறு மாதத்துக்கு முன்பு முதுகுவலி என்று வந்தவருக்கு ஆதிமூலம்தான் எலும்பு ஸ்கேன் எடுத்தார். படம் பளிச்சென்று விழுந்தது. எலும்பில் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினார்கள்.

நேற்று சோற்று அண்டாவை இறக்கும்போது முதுகெலும்பு நொறுங்கி விழுந்துவிட்டார். புற்று. இனி நடப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவருடைய மகள் வராந்தாவில் ஆதிமூலத்தின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"அவ பிடிச்சதுல தப்பில்ல மேடம். ஆனா பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல."

மெகருன்னிஷா எழுந்தார். உடம்புக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பினார். கதிர்வீசும் மருந்து அடைத்த குப்பிகள் இரண்டை உள்ளே இறக்கினார். ஒன்று கட்டைவிரல் அளவு. பக்கத்திலேயே இன்னொன்று, உளுந்து அளவு.

பவுனம்மாளுக்கு அன்றைக்கு எடுத்த மாதிரியே எடுக்கச் சொன்னார்.

ஐந்தே நிமிடத்தில் பிரகாசமான படம். அதில் ஒரே ஒரு பெரிய திட்டு.

கணினியில் ஓர் எண்ணைக் குறைத்தார். மறுபடி எடுக்கச் சொன்னார். இம்முறை இருபது நிமிடம் ஆனது. படம் மங்கல், சொரசொரவென்று இருந்தது. ஆனால் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி.

ஆதிமூலத்துக்கு முகம் சிவந்தது. "முதல்ல ஏன் காட்டல?"

"மருந்துலேர்ந்து கிளம்புற ஒளித்துகள், அதான் போட்டான், சிலது நேரா வரும். சிலது வழியில மோதி, திசை மாறி, பலம் குறைஞ்சு வரும். அதைப் பிடிக்கிற டிடெக்டருக்கு அது தெரியாது. நேரா வந்ததுன்னு நம்பி வேற இடத்துல புள்ளி வைக்கும். அதெல்லாம் சேர்ந்தா மூட்டம். சின்னது அதுக்குள்ள மறைஞ்சிடும்."

"அப்ப அதுகளை உள்ளேயே விடக் கூடாதே."

"விடாம இருக்கத்தான் அந்த எண். அதைத் தளர்த்தினா எல்லாம் உள்ளே வரும். படம் சீக்கிரம் முடியும். பளிச்சுன்னும் இருக்கும்."

ஆதிமூலம் மேசையை ஓங்கி அடித்தார். ஓர் ஏழைப் பெண்ணின் முதுகை ஒடித்தவன் எவன், அவன் பெயர் தனக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றார். அவனைச் சும்மா விடப்போவதில்லை என்றார்.

மெகருன்னிஷா அவர் பக்கம் திரும்பினார்.

"இங்கே முன்னாடி ஒரு நாளைக்கு ஒன்பது பேர்தானே எடுப்பீங்க. பதினெட்டு ஆனது எப்ப சார்?"

"போன தீபாவளிக்கு அப்புறம். கூட்டத்துல எல்லார் முன்னாலயும் எனக்குக் கை தட்டி..."

படம் சீக்கிரம் முடியட்டும் என்று அன்று அந்த எண்ணைத் தளர்த்திய தன் விரலைப் பார்த்தார்.

பவுனம்மாளின் மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

"வராந்தாவுலதான். கூட வரட்டுமா?"

"வேண்டாம்" என்று கதவைத் திறந்தார் ஆதிமூலம்.