செங்கமலத்துக்குக் கேட்டதா?

"சாமி, அவளுக்குக் கேட்டிருக்குமா?"

பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஏகாம்பரம் மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாமி புத்தகத்தை மூடித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சிஷ்யரான ஏகாம்பரத்தைவிட எட்டு வயது சிறியவர்.

"யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

செங்கமலம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்து விழுந்தவள், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

ஏகாம்பரம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மடத்தில் அவர்தான் முதல் மாணாக்கர். முதலில் சேர்ந்தவர் என்பதால் அல்ல, எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குபவர் என்பதால். மனம் எது, புத்தி எது, இரண்டையும் விளங்க வைக்கிற அறிவு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இருபது வருஷப் படிப்பு.

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டார்."

"என்னாலயும் முடியாது."

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. கேட்டிருக்காதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயால வந்தாப் போதும். நான் எழுந்து போயிடுறேன்."

"கேட்டிருக்கும்னு வந்தா?"

ஏகாம்பரம் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்.

சாமி புத்தகத்தைக் கீழே வைத்தார். "என்ன செஞ்சீங்க?"

ஏகாம்பரம் சொன்னார்.

மகள் பூங்கோதை மஸ்கட்டில் இருக்கிறாள். தாய்க்கு நினைவு தப்பியபோது அவள் பிள்ளை பெற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. விமானம் ஏற விடவில்லை. அதனால் தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்வாள். "அம்மா காதுல வைங்கப்பா, பத்து நிமிஷம் நான் பேசிக்கிறேன்" என்பாள்.

"நீங்க வைக்கலை."

"வைக்கலை சாமி."

"ஏன்?"

"புத்தி கண்ணாடி மாதிரி, அறிவு வெளிச்சம் மாதிரின்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? கண்ணாடி உடைஞ்சுட்டா, வெளிச்சம் இருந்தும் முகம் தெரியாதே. அவளுக்குக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. அப்புறம் யார் காதுல எதை வைக்கிறது? தெரிஞ்சே ஒரு பொய்க்குத் துணை போற மாதிரி இருந்தது."

சாமியின் முகம் சுருங்கியது. கண்ணாடி உதாரணம் அவருடையதுதான். அதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே தலையாட்டும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மகள்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"இல்லை. வச்சிட்டேன்னு சொன்னேன்."

பொய்க்குத் துணை போகக் கூசியவர், பொய் சொல்லக் கூசவில்லை. நிறையப் படித்தவர்களுக்கு இது கைவந்த கலை.

"போனை எங்க வச்சீங்க?"

"மேசை மேல. கவிழ்த்து."

"பத்து நிமிஷமும்?"

"கடிகாரத்தைப் பார்த்துப்பேன். பத்து நிமிஷம் ஆனதும் எடுத்து, அம்மா முகம் தெளிஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லுவேன்."

"அங்க வேற யாரும் வர மாட்டாங்களா?"

"காலையில ஒரு ஆயா வரும். லூர்தம்மான்னு பேரு. செங்கமலத்துகிட்ட பேசிக்கிட்டேதான் உடம்பு துடைச்சு விடும். அக்கா, கையைத் தூக்குறேன், வலிச்சா பொறுத்துக்குங்க, இன்னிக்கு எங்க வீட்ல கருவாட்டுக் குழம்பு, இப்படி ஏதாவது. செவிடன் காதுல ஊதின சங்கும்மா இது, ஏன் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுறீங்கன்னு கேட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"நீங்களும் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க சார்னாங்க."

"பேசினீங்களா?"

"இல்லை. இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்."



"வருஷா வருஷம் மடத்துக்கு மாவடு வருமே" என்றார் சாமி. "அது உங்க வீட்டம்மா போட்டதா?"

"ஆமா சாமி."

"நல்லா இருந்ததுன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லி அனுப்பலை."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. ஏகாம்பரம் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவருடைய பாடு.

"பூங்கோதை இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுறா சாமி. அந்தப் பதினோரு நாள் அம்மாகிட்ட பேசினதாலதாம்பா நான் தூங்குறேன், இல்லாட்டி எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்கிறா. ஒவ்வொரு வாரமும் இதையே சொல்றா. செங்கமலத்துக்குக் கேட்டிருக்காதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, போனை வச்சிருந்தாலும் ஒண்ணுதான், வைக்காட்டியும் ஒண்ணுதான். பெத்த பொண்ணுகிட்டயிருந்து நான் எதையும் பறிக்கலைன்னு ஆயிடும்."

வாத்தியார் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விடை மட்டும் அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

"மகள் என்ன பேசினாங்க?" என்றார் சாமி.

"எப்ப?"

"அந்தப் பதினோரு நாளும்."

"தெரியாது சாமி."

"ஒரு வார்த்தைகூடவா?"

"போனைக் கவிழ்த்து வச்சிருந்தேனே. நான் பாட்டுக்குப் படிச்சிக்கிட்டிருந்தேன்."

"என்ன படிச்சீங்க?"

"நீங்க சொல்லி நான் எழுதி வச்ச பாடக் குறிப்பைத்தான்."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். தியானத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று சிஷ்யர் நினைத்துக் கைகட்டிக் காத்திருந்தார். அது தியானம் இல்லை, வெட்கம்.

கண்ணைத் திறந்தபோது சாமி சொன்னார். "என்ன பேசினாங்கன்னே தெரியாம, அது கேட்டுச்சா கேட்கலையான்னு நான் எதைப் பத்திச் சொல்றது? முதல்ல அதைக் கேட்டுச் சொல்லுங்க."

"யார்கிட்ட கேக்க?"

"பேசினவங்ககிட்ட."

"இப்பவா?"

"போன் கையில இருக்கில்ல?"

ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் பெயரைத் தேடி அழுத்தினார். அங்கே மணி அடித்தது. மறுமுனையில் முதலில் குழந்தை சிணுங்கும் சத்தம் வந்தது, பிறகு பூங்கோதையின் குரல்.

"அப்பா? என்னப்பா, அதிசயமா நீங்களே கூப்பிடுறீங்க? உடம்பு நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்கேம்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கப்பா."

"ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட தினம் பேசினியே, அப்ப என்னம்மா பேசினே?"

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"என்னைப் போய்க் கேக்குறீங்களேப்பா" என்றாள் பூங்கோதை. "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"