பத்தாயிரத்து ஏழு இலை

முன்னே ஒரு காலத்தில், கோணலைக் கண்டால் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். ஏரி வெட்டி முடித்த பத்தாயிரம் பேருக்கும் கரையிலேயே விருந்து என்றார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார்.

“எல்லாப் பந்தியிலும் ஒரே அளவு ஆள் உட்கார வேண்டும். ஏதாவது ஒரு பந்தியில் ஓர் இலை கூடினாலோ குறைந்தாலோ அன்றைக்கு எவருக்கும் சோறு கிடையாது. பந்தி போடும் பொறுப்பு நம் விகடன் ஒச்சப்பனுடையது.”

ஒச்சப்பனுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. நூறு பந்தி, பந்திக்கு நூறு பேர். முடிந்தது.

தலைமைக் கணக்கர் நாகலிங்கனாருக்கு ஒச்சப்பனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் பணிவாக எழுந்தார். “அரசே, மதகு காக்கும் ஏழு பேரும் வெயிலில் நின்றவர்கள்தாம். அவர்களையும் நான் விருந்துக்கு அழைக்க உத்தரவாக வேண்டும்.”

“நல்ல மனம் உமக்கு. அழையும். இனி ஒருவரைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

ஒச்சப்பன் வீட்டில் ஆளுக்கொன்றாகப் பத்தாயிரத்து ஏழு புளியங்கொட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாகப் பிரித்தால் இரண்டு. ஏழேழாகப் பிரித்தால் நான்கு. எப்படிக் கூறு போட்டாலும் மிச்சம் நின்றது. முதுகு வலித்ததுதான் கண்ட பலன்.

மறுநாள் விருந்துக்குப் போகும் வழியில் கணக்கர் சிரித்தார். “என்னடா, கொட்டை தீர்ந்துவிட்டதா? எத்தனை பந்தியாக வெட்டினாலும் சமமாக வெட்டுப்படாத எண் அது. தேடித்தான் பிடித்தேன்.”

ஒச்சப்பன் கரைக்குப் போனான். விருந்தென்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்தார்கள் வேலையாட்கள்.

“இலை எங்கண்ணே? வயித்தைக் காயப்போட்டு வந்திருக்கோம்” என்றான் மண்வெட்டிக்காரன் மொக்கையன்.

“இருப்பா. மண்கூடை கை மாத்துறப்போ நீங்க எப்படி நிப்பீங்க?”

“குழியிலருந்து கரை வரைக்கும் ஒத்தை வரிசைதான். வேற எப்படி?”

“அப்படியே உக்காருங்க. கரை நெடுக.”

ராஜா வந்தபோது ஏரிக்கரை முழுக்க ஒரே பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இலை கண்ணுக்கே எட்டவில்லை.

“அரசே, இது ஏமாற்று! மற்றப் பந்திகள் எங்கே?” என்று குதித்தார் கணக்கர்.

“மற்றப் பந்தியே கிடையாதுங்க மகாராஜா. இருக்கிறது ஒண்ணு. அதுல பத்தாயிரத்து ஏழு பேரும் இருக்காங்க, வெளியே ஒருத்தரும் நிக்கல. இதைவிடக் கூடின பந்தி எது, குறைஞ்ச பந்தி எதுன்னு கணக்கரய்யாவே காட்டட்டும்.”

கணக்கர் கரையின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

ராஜா மீசைக்குள் சிரித்தார். “கணக்கரே, அழைத்தவர் கையால்தான் விருந்தாளிக்கு நெய் விட வேண்டும் என்பது நம் வழக்கம். உம்முடைய ஏழு பேரும் எங்கே?”

“அந்தக் கடைசிக் கோடியிலங்க. மதகு அங்கதானே இருக்கு!” என்றான் ஒச்சப்பன்.

நெய்க்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கணக்கர் நடப்பதைப் பார்த்து ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையை ஒச்சப்பன் தோளில் போட்டு, “இன்னும் என்ன வேண்டும், கேள்” என்றார்.

“இனிமே பசிச்சவன் கிடைச்ச இடத்துல உக்காரட்டுங்க.”

“அப்படியே ஆகட்டும்.”

நெய் விட்டுவிட்டுக் கணக்கர் திரும்பி வந்து சேர்ந்தபோது, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள்.