கருந்துளசியின் நிறத்தைத் திருடியவன்

ராஜா கோனேரிராயருக்கு ஒன்றின் மேல் அன்பு வந்துவிட்டால் அதற்குக் கெட்ட காலம் ஆரம்பம் என்று ஆலங்குறிச்சியில் பேசிக்கொள்வார்கள். அந்த வருஷம் அவருடைய அன்பு கருந்துளசியின் மேல் விழுந்தது. கோடை வெயில் அதைச் சுடக் கூடாதென்று சீமையிலிருந்து கப்பலில் கண்ணாடி வரவழைத்து, துளசி வனம் முழுவதற்கும் கூரை போட்டுவிட்டார்.

புதிதாக நட்ட செடிகள் வளர்ந்தன. ஆனால் கருக்கவில்லை. இலை வெளிறிப் பச்சையாக இருந்தது. கசக்கி முகர்ந்தாலும் வாசனை இல்லை.

அமைச்சர் விருத்தகிரிக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது. நந்தவன உத்தியோகத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. கருவூலக்காரர் அழகப்பரைத் துணைக்கு இழுத்துக்கொண்டார்.

விசாரணை வனத்திலேயே நடந்தது. இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, "தோட்டக்காரன் சடையாண்டி நல்ல செடிகளை விற்றுவிட்டுக் களையை நட்டிருக்கிறான்" என்றார்கள்.

"குடும்பத்தோடு நாட்டை விட்டுத் துரத்துங்கள்" என்றார் ராஜா. சடையாண்டி அவர் காலில் விழுந்தான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

சபையின் விகடகவி குழைக்காதர் எழுந்தார். திருடன் யார் என்று அவருக்குத் தெரியும். பச்சையாகச் சொன்னால் தலை தங்காது என்பதும் தெரியும்.

"பிரபு, நிறத்தைத் திருடியவன் யாராக இருந்தாலும் வனத்திலிருந்து அகற்ற வேண்டியதுதானே?"

"யாராக இருந்தாலும்."

"உத்தரவு" என்றவர், ஏணியை வைத்து ஏறிக் கூரையில் ஒரு கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன காரியம் செய்கிறீர்?"

"தீர்ப்பை நிறைவேற்றுகிறேன். இந்த ஓட்டைக்குக் கீழே இருக்கும் செடி கருக்காவிட்டால் சடையாண்டியோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

அமாவாசை போய்ப் பௌர்ணமி வந்தது. சபை மறுபடி வனத்தில் கூடியது; விருத்தகிரியும் அழகப்பரும் பழையபடி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு செடி மட்டும் கருகருவென்று தளிர்த்திருந்தது. கிட்டே போகுமுன்பே மணம் வீசியது.

ராஜா விழித்தார். "கண்ணாடி வழியாக வெளிச்சம்தான் வருகிறதே?"

"கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருகிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத சுடுகதிர் ஒன்றும் உண்டு பிரபு. கண்ணாடி அதை மறித்துவிடும்."

"நமக்கே தெரியாததை இலை எப்படிப் பார்க்கும்?" என்று சிரித்தார் விருத்தகிரி.

"இலைக்குள் தூசியைவிடச் சிறிய காவலாட்கள், ஜோடி ஜோடியாகக் கட்டிப்பிடித்துக் கிடப்பார்கள். சுடுகதிர் பட்டதும் பிடி விட்டுப்போகும். பிரிந்து உள்கட்டுக்கு ஓடுவார்கள். அங்கே 'ஒன்றும் செய்யாதே' என்று எல்லாரையும் அடக்கிவைத்திருக்கும் காரியஸ்தனை மடக்கிப் பிடிப்பார்கள். உடனே சாயமும் வாசனையும் தயாராகும். அந்தக் கருநிறம் இலை தனக்குப் பிடித்துக்கொள்ளும் குடை. நீங்கள் குடை பிடித்தீர்கள், அது தன் குடையை மடக்கிவிட்டது."

ராஜா குனிந்து ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்தார். "அப்படியானால் திருடியது என் அன்புதான். சடையாண்டி, நீ எங்கும் போக வேண்டாம். கூரையைப் பிரித்துவிடுங்கள்."

சடையாண்டி அழுதேவிட்டான்.

"களை என்று சொன்னது யார்?" ராஜாவின் பார்வை திரும்பியது.

"அழகப்பர் சொன்னதைத்தான் நான்..." என்று விருத்தகிரி ஒரு பக்கம் நழுவினார். "ஐயோ, கருவூலத்தைப் பூட்டாமல் வந்துவிட்டேன்" என்று அழகப்பர் மறுபக்கம் ஓடினார்.

"அதிருக்கட்டும் குழைக்காதரே, கட்டிப்பிடித்துக் கிடப்பதும், சூடு பட்டால் பிரிந்து ஓடுவதும், இதையெல்லாம் இலைக்குள் எப்படிப் பார்த்தீர்?"

"இலைக்குள் யார் பார்த்தது பிரபு? சபையில்தான் தினமும் பார்க்கிறேனே" என்று காலியான இரண்டு ஆசனங்களைக் காட்டினார் குழைக்காதர். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

மாலையைச் சரிசெய்துகொண்டே குழைக்காதர் சொன்னார்: "ஒரே வித்தியாசம் பிரபு. இலையில் இருப்பவர்கள் ஓடிப்போய் வேலை பார்ப்பார்கள்."