நாரை அளந்த பனை

குளத்தங்கரைப் பனையின் அடியைக் கரையான் அரித்துவிட்டது. அரித்த பக்கம்தான் மரம் விழும். அந்தப் பக்கத்தில் கௌதாரியின் கூடு. கூட்டில் ஆறு முட்டை.

விழுந்தால் கூடுவரை எட்டுமா? கௌதாரிக்கு அது ஒன்றுதான் கவலை. முட்டைகளை உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வழியெல்லாம் கல். ஒன்றிரண்டு உடையும். எட்டாத மரத்துக்குப் பயந்து எதற்கு உடைப்பது?

நாரையைக் கூப்பிட்டது. நாரைக்குக் கணக்கு வரும். வரும் என்று நாரையே சொல்லும்.

“இது ஒரு வேலையா, கௌதாரியம்மா? அலகை நேரே நீட்டினால் அடிவானம். நிமிர்த்தினால் உச்சிவானம். இரண்டுக்கும் சரிபாதியில் வைத்துக்கொண்டு மரத்தடியிலிருந்து பின்பக்கமாகவே நடப்பேன். அலகு நுனியில் பனை நுனி தெரிந்ததும் நிற்பேன். அங்கிருந்து மரம் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அதன் உயரம்.”

நடந்தது. கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, காலால் கோடு கிழித்தது.

“மரம் இதைத் தாண்டாது. நீ பாட்டுக்கு அடைகாத்துக்கொண்டு இரு.”

கௌதாரிக்கு மனசு கேட்கவில்லை. கூட்டில் உட்கார்ந்தபடியே தன் அலகையும் சரிபாதியில் வைத்துப் பார்த்தது.

“நாரையாரே, பனை நுனி என் அலகுக்கு மேலே தெரிகிறதே.”

“உனக்குக் கால் குட்டை. அப்படித்தான் தெரியும்.”

“என் கால் குட்டை என்பதற்காக மரம் வளருமா?”

“பேச்சை மாற்றாதே.”

“சரி, உங்கள் கண் எங்கே இருக்கிறது?”

“தலையில்.”

“மரம் எங்கே முளைத்தது?”

“தரையில். இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“தரைக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் இருக்கிற உயரத்தை யார் கூட்டினார்கள்?”

“கணக்கு தெரியாதவர்களோடு இதுதான் தொல்லை” என்று நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கௌதாரி முட்டைகளை உருட்டத் தொடங்கியது. கோட்டிலிருந்து ஒரு நாரை உயரம், அதற்கும் மேல் இரண்டு சாண். அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனது. ஒரு முட்டை கல்லில் பட்டு உடைந்தது. மிச்சம் ஐந்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

“அநியாயமாக ஒன்றை உடைத்தாயே” என்று நாரை சிரித்தது. காலிக் கூட்டில் ஒற்றைக் காலில் நின்றும் காட்டியது.

சாயங்காலம் காற்று வந்தது. பனை விழுந்தது.

தூசி அடங்கியபோது ஓலைக் குவியலுக்கு வெளியே ஓர் அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“என் அளவு சரிதான்” என்றது அலகு. “மரம்தான் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது.”

“எவ்வளவு அதிகம்?”

அலகு மெல்லச் சரிபாதிக்கு நிமிர்ந்து பார்த்தது.

“என் உயரம் இருக்கும்.”

அளக்கிறவன் தன்னையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.