அம்மி கழுவின தண்ணீர்

ஒரு காட்டில் மழை தொடர்ந்து பொய்த்துப் போயிருந்தது. அங்கே வைத்தியம் பார்த்து வந்தது ஒரு கரடி. வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அது அரைத்த விழுதைப் பூசினால் எப்பேர்ப்பட்ட சொறியும் ஓடிப்போகும். கைதான் கொஞ்சம் முரடு, மனசு வெண்ணெய்.

மஞ்சள் முழுக்க ஓர் அணிலின் பொறுப்பில் இருந்தது. மரப்பொந்தில் அடுக்கி வைத்து, யார் கேட்டாலும் கிள்ளித்தான் கொடுக்கும். மகா கஞ்சன்! தன் புசுபுசு வாலைக் கோதிக்கொள்ள மட்டும் அதற்கு நேரம் காலமே கிடையாது.

அடுத்த மலை காய்ந்துபோனதால், ஒரு தாய்க்குரங்கு தன் குட்டியோடு பிழைப்புத் தேடி வந்து, அணிலின் மரத்திலேயே தங்கியது. வந்த கொஞ்ச நாளில் குட்டிக்கு உடம்பெல்லாம் சொறி. தூக்கமில்லாமல் சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிவிட்டது, பாவம். தாய் அதைத் தூக்கிக்கொண்டு கரடியிடம் ஓடியது.

கரடி அணிலின் பொந்துக்குப் போய் மஞ்சள் கேட்டது. அணில் கையை விரித்தது.

"நம்ம காட்டுக்காரங்களுக்கே பத்தாது வைத்தியரே. வந்தவங்களுக்கு அம்மி கழுவின தண்ணியைத் தடவி அனுப்புங்க. அதுலயும் மருந்து இருக்கத்தானே செய்யுது?"

கரடிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் அந்தத் தண்ணீரையே தடவியது. "நீங்க நல்லா இருக்கணும்" என்று தாய்க்குரங்கு கும்பிட்டபோது, கரடியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சொறி அடங்கவில்லை. குட்டி புரண்ட கிளையும் அணில் படுத்த கிளையும் ஒன்றுதானே! ஒருநாள் காலை, தாயும் குட்டியும் மறுபடி வந்து காத்திருந்தபோது, அணில் வாலைச் சொறிந்தபடி ஓடிவந்தது. பாதி வால் மொட்டை.

"வைத்தியரே, அரைச்ச மருந்தைப் பூசுங்க! சீக்கிரம்!"

கரடி ஒரு தேங்காய்ச் சிரட்டையை அதன் பக்கம் நகர்த்தியது.

"என்ன இது?"

"அம்மி கழுவின தண்ணி."

"விளையாடாதீங்க! இதுல எங்க குணமாகும்?"

சொன்ன பிறகுதான் அணில் குட்டியைப் பார்த்தது. அது அழக்கூடத் தெம்பில்லாமல் சொறிந்துகொண்டிருந்தது. அணில் தன் வாலைச் சொறிவதை நிறுத்தியது.

"இதுல குணமாகாதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு," என்றது கரடி. "போய் மஞ்சளைக் கொண்டு வா. முதல்ல குட்டிக்குத்தான். அது குணமாகாம உன் வால் குணமாகாது."

அணில் பொந்துக்கு ஓடியது. இந்த முறை கிள்ளவில்லை, அள்ளிக்கொண்டு வந்தது.

குட்டிக்குப் பூசி முடித்த கரடி, தன் முரட்டுக் கையை வால் பக்கம் நீட்டியது. அணில் வாலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"எரியுமா?"

"கொஞ்சம் எரியும் மாமா," என்றது குட்டி, மஞ்சள் அப்பிய முகத்தோடு. "என் கையைப் பிடிச்சுக்கோங்க."

அணில் பிடித்துக்கொண்டது.

நீதி: வந்து சேர்ந்தவரின் நோயை அரைகுறையாய் விட்டால், அது நம் வீட்டுக்கும் வந்து சேரும்.