விரால் தேர்ந்து கொடுத்த இரை

முள்ளியேந்தல் கண்மாயில் ஒரு தாய் விரால் இருந்தது. கண்மாய்க்குள் பழைய கருவேல மரம் ஒன்று சாய்ந்து தண்ணீரில் முழுகிக் கிடந்தது. அந்தக் கிளைகளுக்கு நடுவேதான் விராலின் வீடு. அந்த வருடம் அதற்கு ஏகப்பட்ட குஞ்சுகள். செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும், திரும்பக் கீழே போகும். தாய் ஒரு முழம் கீழே நின்று காவல் காக்கும்.

தண்ணீரோ கண்ணாடி. அடியில் கிடக்கிற முள்கூடத் தெரியும். மரத்தின் ஒரே ஒரு கிளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து நாளெல்லாம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை பாய்ந்து பார்த்ததில் விரால் கவ்வி வால் இறகு போயிற்று, உயிர் மிஞ்சியதே பெரிய காரியம். அன்றிலிருந்து வெறும் பார்வையோடு சரி.

ஒரு நாள் காலையில் கரைக்கு ஒரு மனிதன் தூண்டிலோடு வந்தான். பெட்டி நிறையப் போலி இரைகள் வைத்திருந்தான். முதலில் பளபளக்கும் தகடு ஒன்றை மரத்தோரம் வீசினான். எந்த மீன் இவ்வளவு மினுக்கிக்கொண்டு திரியும் என்று விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து பிளாஸ்டிக் மீன். விரால் இருக்கிற இடத்துக்கே வந்து பயமில்லாமல் உலாத்தியது, அதிலேயே அதன் சாயம் வெளுத்துவிட்டது. பிறகு ரப்பர் புழு. அதன் தலையிலிருந்து கரை வரைக்கும் தூண்டில் நரம்பு ஓடுவது தெளிவாகத் தெரிந்தது.

பக்கத்தில் மேய்ந்த கெண்டைக்கு ஒரே வியப்பு. அக்காவைப் போலக் கண்மாயில் ஒருத்தர் உண்டா என்று போகிற வருகிற மீன்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தது. விராலுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று. நமக்கு மட்டும் என்ன, நாலு பேர் புகழ்ந்தால் கனக்காதா?

மீன்கொத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மெல்லத் தாழ்ந்து வந்து உட்கார்ந்தது.

"அக்கா, உங்களோட எனக்குப் பகைதான். ஆனாலும் உங்க சாமர்த்தியத்தைச் சொல்லாம இருக்க முடியல. எதைப் போட்டாலும் ஏமாற மாட்டேங்கிறீங்களே."

"குஞ்சு காக்கிற காலத்துல எனக்குப் பசியே கிடையாது," என்றது விரால். "பசிக்காதவளுக்குத் தகட்டைக் காட்டுனா என்ன, தங்கத்தைக் காட்டுனா என்ன?"

"அப்ப எதையுமே கடிக்க மாட்டீங்களா?"

கெண்டை ஓடிவந்து, மீன்கொத்தியோடு என்ன பேச்சு என்று தடுத்துப் பார்த்தது. விரால் காதில் வாங்கவில்லை. பேச்சு சூடு பிடித்துவிட்டது.

"ஏன் கடிக்காம? எம்புள்ளைங்க தலைக்கு மேல ஒரு தவளை வரட்டும். கடிச்சுப்புட்டுத்தான் அது என்னன்னே பாப்பேன்."

மீன்கொத்தி கிளையை விட்டு எழும்பியது. நேராகக் கரைக்குப் பறந்தது. மனிதனின் திறந்த பெட்டியில் இறங்கி, ஒரு ரப்பர் தவளையை அலகால் கொத்திக் கொத்தி வெளியே இழுத்துப் போட்டது. அவன் சிரித்தான். இதையும்தான் பார்ப்போமே என்று அதையே நரம்பில் கட்டினான்.

தவளை வந்து குஞ்சுக் கூட்டத்தின் நடுவே விழுந்தது. குஞ்சுகள் சிதறின. விரால் பாய்ந்து கடித்தது. பிறகுதான் பார்த்தது. தவளைக்குக் கண் வரைந்திருந்தார்கள்.

வாயில் தூண்டில் முள் ஏறிய வலியில் அது மரத்துக்குள் ஓடியது. நரம்பு இந்தக் கிளையிலும் அந்தக் கிளையிலும் சுற்றிக்கொண்டது. மனிதன் இழுத்தான், கரைப் பக்கம் நரம்பு அறுந்தது. சலித்துக்கொண்டு பெட்டியை மூடிக் கிளம்பிவிட்டான்.

விரால் தப்பித்தோம் என்றுதான் நினைத்தது. விரால் என்பது அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடித்தால்தான் பிழைக்கிற மீன். அது மேலே வரப் பார்த்தது. கிளையில் சுற்றிய நரம்பு இழுத்துப் பிடித்ததில் ஒரு சாண் எட்டவில்லை. தன் வீட்டிலேயே கட்டிப்போட்டாயிற்று. கெண்டை அழுதுகொண்டே நரம்பைக் கடித்துக் கடித்துப் பார்த்தது. கெண்டையின் வாய்க்கு அது எங்கே அறும்?

சிதறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பயந்தால் அவை ஓடுகிற ஒரே இடம் அம்மாவின் தலைக்கு மேல்தான். போய்விடுங்கள், கோரைக்குள் போய் ஒளியுங்கள் என்று விரால் கதறியது. அம்மாவின் குரல் கேட்கக் கேட்க, அவை இன்னும் நெருங்கி வந்து நின்றன.

மீன்கொத்தி அவசரப்படவில்லை. பாய்ந்தது, கிளைக்குத் திரும்பியது, விழுங்கியது, மறுபடி பாய்ந்தது. கண்ணாடித் தண்ணீரில் விராலுக்கு எல்லாமே தெரிந்தது. ஒரு சாண் கீழே நின்று பார்ப்பதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகவில்லை.

"ஏண்டா பாவி, உனக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று மூச்சுத் திணறக் கேட்டது.

"நானா ஒண்ணும் கண்டுபிடிக்கலக்கா," என்றது மீன்கொத்தி. "நீங்க சொன்னதுதான்."

சாயங்காலம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே சிவப்பாக எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் விராலும் அசைவதை நிறுத்தியது.

எதற்கெல்லாம் ஏமாற மாட்டோம் என்று பெருமை பேசுகிறவர்கள், எதற்கு ஏமாறுவோம் என்பதையும் பகைவனுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.