இன்னும் ஐம்பதடி

“ரெண்டு தடவையும் பூ மாதிரிதானே இறக்கினேன் மேடம்? அப்புறம் ஏன் பெயில் போட்டீங்க?”

கேட்டவர் தில்லைநாயகம். விமானப்படையில் இருபத்தாறு வருஷம், லடாக் மலைகளுக்கு நடுவே சரக்கு விமானம் இறக்கியவர். ஐம்பத்தொரு வயதில் பயணிகள் விமானம் ஓட்ட வந்திருந்தார். பரீட்சை வைப்பவர் கேப்டன் மெர்லின். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நாகர்கோவில்காரர், பேச்சில் மகா கஞ்சம்.

“முதல் தடவை யாரு சார் இறக்கினது?”

“ஆட்டோபைலட்.”

“ரெண்டாவது தடவை?”

“அதைக் கழட்டி விட்டுட்டு நானே இறக்கினேன். சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்ததுக்குத்தான் முதல்ல பெயில் போட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அதுக்கு இல்ல.”

“அப்ப எதுக்கு?”

மெர்லின் விமானியின் முன்னால் செருகியிருந்த வரைபடத்தில் ஓர் எண்ணைப் பென்சிலால் தட்டினார்.

இருநூறு அடி.

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. இது தெரியாதா அவருக்கு? இருநூறு அடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஓடுபாதை விளக்கு தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் ஒப்பிப்பார்.

இன்றைக்கு மூன்றாவது வாய்ப்பு. இதுவே கடைசி. இதிலும் கோட்டை விட்டால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும். படையிலிருந்தும் விலகியாயிற்று. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

தரையிலேயே நின்றபடி விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரின் கதவு மூடியது. மெர்லின் பின்னால் உட்கார்ந்து, ஒரு பொத்தானில் ஊரையே பனியால் மூடினார்.

கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.

தரையிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் மேலே வரும். ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைச் சொல்லும். மற்றது எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று சொல்லும். ஆட்டோபைலட் இரண்டையும் பிடித்துக்கொண்டது. முள் இரண்டும் நட்ட நடுவில் நின்றன.

ஆயிரம் அடி.

சமர்த்தாகத்தான் போகிறது, இதன் போக்கிலேயே விட்டுவிடலாமா என்று ஒரு மனம் கேட்டது.

ஐந்நூறு.

லடாக்கில் பார்க்காத பனியா, கையில் வாங்கிக்கொள் என்றது இன்னொரு மனம்.

இருநூறு.

தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் தடவையும் இந்த இடத்தில் இதே வெள்ளைதான் தெரிந்தது. இரண்டாவது தடவையும் அதேதான்.

“கோ அரவுண்ட்!”

கை எஞ்சின் நெம்புகோல்களை முன்னால் தள்ளியது. மூக்கு மேலே எழும்பியது.

மெர்லின் விமானத்தை அந்தரத்தில் நிறுத்தினார். பனியை விலக்கினார்.

கீழே ஓடுபாதை கிடந்தது. நேராக, காலியாக, விளக்கெல்லாம் எரிய.

தில்லைநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பனியை எதுவரைக்கும் வச்சிருந்தீங்க மேடம்?”

“நூத்தம்பது அடி.”

“அடடா! இன்னும் ஐம்பதடி இறங்கியிருந்தா விளக்கு தெரிஞ்சிருக்குமே! அழகா இறக்கியிருப்பேனே!”

“இறக்கியிருப்பீங்க.”

மெர்லின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். தில்லைநாயகம் அதை வாங்கி ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பாஸ்.

“இன்னைக்கு நான் இறக்கவே இல்லையே மேடம்?”

“அதான் ரெண்டு தடவை இறக்கினீங்களே சார்,” என்றார் மெர்லின்.